கவுண்ட் ஏறும் வரை

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது பற்றி முன்பு ஒரு பதிலில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. என் அம்மாவுக்கு 58 வயது. அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ தொடங்கி இன்று பன்னிரண்டாவது நாள். நடந்துதான் மருத்துவமனைக்கு வந்தார். இப்போது எழுந்து உட்காரவே முடியவில்லை. மருந்து ஏற்றி முடித்தாயிற்று, இனி கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். நான் விடுப்பு போட்டுவிட்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ரிப்போர்ட் வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்க்கிறார். “நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுகிறேன். அவரிடம் உண்மையைச் சொல்லலாமா? பார்க்க வரவேண்டும் என்று நிற்கும் உறவினர்களை என்ன செய்வது?

ச.

அன்புள்ள ச.,

பன்னிரண்டாவது நாள் என்றால் கவுண்ட் இறங்கும் பள்ளத்தின் அடியை நெருங்கிவிட்டீர்கள். இந்த வகைக்கு வழக்கமாகச் சைட்டரபின் ஏழு நாளும் டானோரூபிசின் மூன்று நாளும் கொடுப்பார்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் கெட்ட செல், நல்ல செல் இரண்டையும் அந்த மருந்து துடைத்துவிடும். மீதமிருக்கும் ஆரோக்கியமான தாய்ச்செல்கள் மறுபடி பெருகி ரத்தத்துக்கு வந்து சேர, மருந்து தொடங்கியதிலிருந்து மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை உடம்பு காலி வீடு. நடந்து வந்தவர் படுத்துவிட்டாரே என்று நீங்கள் போடும் கணக்கை நானும் போட்டிருக்கிறேன். நல்லாயிருந்த மனிதரை நானே கூட்டிக்கொண்டு வந்து கெடுத்துவிட்டேன் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்தாம் நாள் இரவு அப்பாவுக்கு லேசாக நடுக்கம் வந்தது. தெர்மாமீட்டர் 38.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. “நர்ஸைக் கூப்பிடாதே, லைட்டைப் போட்டுக் குத்துவார்கள், கொஞ்சம் தூங்குகிறேன்” என்றார். பாவமாக இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் தானாக வந்து தொட்டுப் பார்த்தார். அடுத்த சில நிமிடங்களில் அறை நிறைய ஆட்கள். டாக்டர் திட்டவில்லை. “எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?” என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்துக்கு முன்னால் என்று பொய் சொன்னேன்.

அப்பா அதிலிருந்து தப்பினார். அதன்பின் ஆறு வருடம் இருந்தார். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. நம் உடம்பில் சீழ் பிடிப்பது, சளி மஞ்சளாவது எல்லாம் வெள்ளையணுக்கள் செய்கிற வேலை. அவை இல்லாத உடம்பில் கிருமி நுழைந்தால் வீக்கமோ சீழோ பெரும்பாலும் வராது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருக்கும்போது ஒருமுறை 38.3 டிகிரி (ஃபாரன்ஹீட்டில் 101) வந்தாலோ, 38 ஒரு மணி நேரம் நீடித்தாலோ அவசரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் வார்டில் எந்த எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் கூப்பிடுங்கள். உடம்பு வலிக்கிறது என்று அம்மா கேட்டாலும், நர்ஸிடம் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், காய்ச்சலை அது மறைத்துவிடும். நர்ஸுக்குப் பல நோயாளிகள், உங்களுக்கு ஒருவர். ஈறில் ரத்தம், காலில் புதிதாகச் சிவப்புப் புள்ளி, டிரிப் லைன் இறங்கும் இடத்தில் வலி, பேச்சில் ஒரு சின்னக் குழப்பம், இவற்றை முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். இரவில் பாத்ரூமுக்குத் தனியாகப் போகிறேன் என்பார், விடாதீர்கள். பிளேட்லெட் பத்தாயிரத்தில் இருக்கும்போது விழுந்தால் தலைக்குள் ரத்தம் கசியலாம். இந்தப் பிடிவாதத்தில் என் அப்பாவை யாரும் மிஞ்ச முடியாது.

பிளேட்லெட்டை வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கலாம். பிற்பாடு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டால், பெற்ற பிள்ளை பாதிப் பொருத்தம் உள்ள கொடையாளி. இப்போதே உங்கள் செல்களை ஏற்றினால் அவற்றுக்கு எதிராக அம்மாவின் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கிவிடலாம். அதனால் நெருங்கிய ரத்த உறவுகளிடமிருந்து எடுக்கத் தயங்குவார்கள். டாக்டரிடமே கேளுங்கள், சொல்வார்.

பார்க்க விடவில்லை என்ற கோபத்தில் நிற்கும் உறவினர்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. ஒரே நாளில் பத்துப் பேர் வந்து கொடுத்துப் பயனில்லை. ரத்த உறவு இல்லாத நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று பிடித்து, தேதிவாரியாகப் பட்டியல் போடும் பொறுப்பைக் கோபம் அதிகமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் சித்தப்பா அப்படித்தான் அடங்கினார். அறைக்குள் வரக்கூடாது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை.

அடுத்து, ரிப்போர்ட்டில் வரும் எண்களை அம்மாவிடம் சொல்வது பற்றி. நாங்கள் அப்பாவிடம் “ரத்தத்தில் கிருமி” என்று சொல்லி வைத்திருந்தோம். வார்டு வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. அதன் வழியாகத்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனோம்! நான்காம் நாள், “நீங்கள் நடிப்பதைப் பார்க்கத்தான் களைப்பாக இருக்கிறது” என்றார். அன்றிலிருந்து கவுண்ட் எழுதும் நோட்டு அவர் கைக்குப் போய்விட்டது. தினமும் காலையில் வெள்ளையணு, ஹீமோகுளோபின், பிளேட்லெட் மூன்றையும் அவரே எழுதினார். 200, 200, 100, 300 என்று நகரவே நகராத எண்கள். இருந்தாலும் அந்த நாளில் அவர் செய்கிற ஒரே வேலை அது. இருபத்திநாலாம் நாள் நியூட்ரோஃபில் 600 என்று எழுதி, பக்கத்தில் “இவனைத் தூங்கச் சொல்ல வேண்டும்” என்று குறித்திருந்தார்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு, அதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அம்மாவிடமே கேளுங்கள்: “ரிப்போர்ட்டை உங்களிடம் காட்டவா, நானே வைத்துக்கொள்ளவா?” காட்டு என்றால் காட்டுங்கள். இத்தனை பேர் உயிர் பிழைக்கிறார்கள் என்று இணையத்தில் கிடைக்கும் சதவீதங்களை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். எல்லா வயதையும் எல்லா உட்பிரிவையும் ஒன்றாகக் கலந்து போட்ட எண் அது. அம்மாவின் மரபணு ரிப்போர்ட் வந்தபின் டாக்டர் சொல்வதே அவருக்கான கணக்கு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள். கவுண்ட் ஏறி, மஜ்ஜைப் பரிசோதனையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை, என்பார்கள். சிகிச்சை அதோடு முடியாது, அடுத்தடுத்த சுற்றுகள் உண்டு. எங்களுக்கு இது முன்பே தெரியாததால், ரெமிஷன் என்றதும் வீட்டில் கொண்டாடிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி அட்மிஷன் என்றதும் நொறுங்கிப்போனோம்.

கடைசியாக, நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்களுக்குத் தொண்டை கரகரத்தால்கூட அந்த அறைக்குள் போகக்கூடாது. அதனால் இன்றைக்கே இன்னொருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எந்த எண் வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று தாளில் எழுதி, தெர்மாமீட்டரோடு அவர் கையில் கொடுத்துவிட்டு, ஓர் இரவு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.