25 வயதுக்கு மேல் மூளை மங்குமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேரலாம் என்றிருந்தேன். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தது. அதில் 25 வயதில் உச்சத்தில் இருக்கும் அறிவுத்திறன், 70 வயதுக்குள் சரசரவென்று இறங்குகிறது. ஆராய்ச்சி முடிவாம். இனிமேல் படிப்பது வீண்தானா மேடம்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள். வரைபடத்தைப் பிறகு பார்க்கலாம்.

கல்லூரியில் ஆய்வு முறைகள் பாடம் நடத்தியவள் நான். இந்த மாதிரி படம் வந்தால் என் முதல் கேள்வி, யாரை எப்போது சோதித்தார்கள் என்பதுதான். பெரும்பாலும் ஒரே காலகட்டத்தில் 25 வயதுக்காரர்கள், 45 வயதுக்காரர்கள், 70 வயதுக்காரர்கள் என்று வெவ்வேறு ஆட்களைச் சோதித்து, சராசரிகளைக் கோட்டால் இணைத்திருப்பார்கள். இதற்குக் குறுக்குவெட்டு ஆய்வு என்று பெயர். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் ஒருவருக்குக்கூட வயது ஏறவில்லையே!

உங்கள் வீட்டையே பாருங்கள். உங்கள் அம்மா எத்தனை வகுப்பு படித்தார், என்ன சாப்பிட்டு வளர்ந்தார்? உங்கள் பிள்ளைகள்? இரண்டு பேரிடமும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, மதிப்பெண் வித்தியாசம் முழுவதையும் வயதின் கணக்கில் எழுதினால் அது அநியாயம் இல்லையா? தலைமுறை வித்தியாசமும் அதில் கலந்திருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றவர் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர். 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இருபதுகளிலிருந்து எழுபது வயது வரையுள்ள 500 பேரைச் சோதித்தார். ஏழு வருடம் கழித்து, 1963இல், அவர்களில் சுமார் 300 பேரை மறுபடி சோதித்தார். கூடவே எல்லா வயதிலும் புதிய ஆட்களைச் சேர்த்தார். பிறகு ஏழு வருடத்துக்கு ஒருமுறை இதே வேலை. குறுக்குவெட்டாகப் பார்த்தால் சரிவு சீக்கிரமே தொடங்குவதாகத் தெரிந்தது. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, சொல்லறிவு, தர்க்கம் போன்ற பெரும்பாலான திறன்கள் அறுபது வயதை ஒட்டித்தான் குறிப்பிடும்படி குறைந்தன.

இதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டாம் முறை வராமல் போனவர்கள் யார்? நோயாளிகளும் முதல் முறை குறைவாக எடுத்தவர்களும்தான் இப்படி அதிகம் விலகுவார்கள். மிஞ்சியவர்களின் சராசரி அதனால் அழகாகத் தெரியும். ஒருமுறை செய்த சோதனையை மறுபடி செய்யும்போது வரும் பழக்கமும் கைகொடுக்கும். டிமோதி சால்ட்ஹவுஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பழக்கத்தைத்தான் சுட்டிக்காட்டி, சில திறன்களில் சரிவு முப்பது வயதுக்கு முன்பே தொடங்குகிறது என்று 2009இல் வாதிட்டார். ஷாய் ஒவ்வொரு முறையும் புது ஆட்களைச் சேர்த்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. முதன்முறை எழுதுகிறவர்களோடு பழைய ஆட்களை ஒப்பிட்டுப் பழக்கத்தின் பங்கை அவரால் மதிப்பிட முடிந்தது. எனக்கு அவர் மீது மிகுந்த மரியாதை உண்டு.

சரி, உங்கள் எம்.ஏ.வுக்கு வருவோம். வேகம் மட்டும் மற்றவற்றைவிட முன்னதாகக் குறையும். அதில் எல்லோருக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. அதனால் பாடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நேரத்தைக் கவனியுங்கள். பழைய வினாத்தாள்களை வாங்கி, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு முழு நேரமும் எழுதிப் பழகுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.