புழுதி அடங்காத றோட்டு

அன்புள்ள அண்ணா,

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. எஞ்சினியரிங் வேண்டாம், வானியற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள தூசியை ஆராயப் போகிறாளாம். "தூசி பார்க்கவா ரியூசனுக்கு இவ்வளவு கட்டினோம்?" என்று இவர் கோபிக்கிறார். எனக்கும் பயம்தான். நம் நாட்டிலிருந்து யாராவது அந்த வழியில் போயிருக்கிறார்களா?

ஒரு தாய், களுதாவளை

அன்புள்ள தங்கச்சி,

படுவான்கரைக் கிரவல் றோட்டில் வெயில் நேரம் நின்றிருப்பீர்கள். வளைவுக்கு அப்பால் புழுதி எழும்பி நிற்கும். டிப்பர் கண்ணில் படாது. இப்போதுதான் ஒன்று போயிருக்கிறது என்று சொல்லிவிடுவோம். நாள் முழுக்கப் புழுதி அடங்கவில்லை என்றால், டிப்பர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மகள் படிக்க நினைப்பது இதைத்தான்.

1983இல் ஐராஸ் என்ற செய்மதி, தன் கருவிகளைச் சரிபார்க்க வேகா நட்சத்திரத்தைப் பார்த்தது. கணக்குக்கு மிஞ்சிய வெப்பக் கதிர் வந்தது: சுற்றிலும் தூசி. அந்தத் தூசி இவ்வளவு காலம் நிலைத்திருக்க வழியில்லை. மிகச் சிறிய துகளை நட்சத்திர ஒளியே வெளியே தள்ளிவிடும். சற்றுப் பெரியது மெல்லச் சுருண்டு நட்சத்திரத்துக்குள் விழும். வேகாவுக்கோ பல கோடி வயது. அப்படியும் தூசி இருக்கிறதென்றால், கோள்கள் உண்டானபோது மிஞ்சிய பாறைகள் இன்றும் மோதி நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு பாறையும் நம் கண்ணுக்குத் தெரியாது!

அடுத்த ஆண்டே பீற்றா பிக்ரோரிஸ் என்ற நட்சத்திரத்தின் தூசித்தட்டைப் படமெடுத்தார்கள். பிறகு அந்தத் தட்டு ஓரிடத்தில் நெளிந்திருப்பது தெரிந்தது. ஏதோ ஒரு கோள் இழுக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். 2008இல் பிரெஞ்சு வானியலாளர் அன்-மரி லக்ரான்ஜ் குழுவினர் அந்தக் கோளையே படத்தில் காட்டினார்கள். தூசி சொன்ன சாட்சி பொய்க்கவில்லை.

நம் நாட்டவர் கேட்டீர்கள். ரே ஜயவர்தன இலங்கையில் பிறந்தவர். 1998இல், ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோதே, சிலியிலுள்ள 4 மீற்றர் தொலைநோக்கியால் எச்ஆர் 4796ஏ என்ற இள நட்சத்திரத்தின் தூசித்தட்டைக் கண்டவர்களில் ஒருவர். அந்தத் தட்டின் நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. கோள்கள் கூட்டித் துடைத்திருக்கலாம் என்று அப்போதே பேசினார்கள்.

நிரந்தர வேலை கிடைப்பது கடினம், அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பௌதிகவியல் ஆய்வுப் பட்டத்துக்குப் பெரும்பாலும் உதவித்தொகை உண்டு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே பௌதிகவியலைத் தொடங்கலாம். இணைந்த கணிதத்தையும் கணினி நிரலாக்கத்தையும் மட்டும் விடவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் தொலைநோக்கியோடு கழியும் இரவுகளைவிடக் கணினியோடு கழியும் பகல்களே அதிகம்.

மாசி பிறந்து, மழை விட்டதும், இரவு எட்டு மணிபோல் மச்சானையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். கையை நீட்டி, அதற்கு வலப்பக்கம் மூன்று நான்கு விரல் தள்ளிப் பார்த்தால் மங்கலாக ஒன்று தெரியும். அதுதான் பீற்றா பிக்ரோரிஸ். அதை மகளே தகப்பனுக்குக் காட்டட்டும்.

அன்புடன்,
அண்ணா