பழைய மேஜென்டோவிலிருந்து புதியதற்கு: பெரிய இணையக் கடையை இடம் மாற்றுவது பற்றிய கேள்வி பதில்

இணையக் கடை நடத்த உதவும் மென்பொருளான மேஜென்டோவின் பழைய பதிப்பு, மேஜென்டோ 1. அதற்கான அதிகாரபூர்வ ஆதரவு 2020 ஜூன் 30 அன்று முடிந்தது. அதற்குப் பிறகும் பெரிய கடைகள் சில அதிலேயே இயங்கிவருவதால், மேஜென்டோ 2-க்கு மாறுவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் அமைந்த கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கடையில் அறுபதாயிரம் பொருள்களும் சில லட்சம் வாடிக்கையாளர்களும் உள்ளனர். மென்பொருளின் பெயர் ஒன்றுதான், எண் மட்டும்தான் மாறுகிறது. வழக்கமான பதிப்பு மேம்படுத்தலைப் போல இதையும் செய்துவிட முடியாதா?

பதில்: முடியாது. 2015 நவம்பரில் வெளிவந்த மேஜென்டோ 2, பழையதன் அடுத்த பதிப்பு என்று அழைக்கப்பட்டாலும், நிரல் கட்டமைப்பிலும் தீம் (கடையின் தோற்ற வடிவமைப்பு) அமைப்பிலும் தரவுத்தள அட்டவணைகளிலும் வேறொரு மென்பொருள்தான். பழைய கடையிலிருந்து புதிய கடைக்கு வரக்கூடியது தரவு மட்டுமே. தீமைப் புதிதாக உருவாக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்களுக்கு (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) மேஜென்டோ 2-க்கென எழுதப்பட்ட பதிப்பைத் தேட வேண்டும். உங்கள் குழு எழுதிய நிரல்களைத் திரும்ப எழுத வேண்டும். வேலைத் திட்டத்தில் ‘மேம்படுத்தல்’ என்று எழுதினால் நிர்வாகம் அதற்கேற்ற சிறிய கால அவகாசத்தைத்தான் தரும் என்பதால், ‘புதிய கடை கட்டுதல்’ என்றே எழுதச் சொல்வேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்ந்த எக்ஸ்டென்ஷன்கள் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. அனைத்துக்கும் மாற்று தேட வேண்டுமா?

பதில்: தேடுவதற்கு முன், எது வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். இடமாற்றத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த முடிவைத்தான். பழைய கடைகளில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களில் கணிசமானவை மேஜென்டோ 1-இல் இல்லாத ஒரு வசதிக்காகவோ, வேறொரு எக்ஸ்டென்ஷன் உண்டாக்கிய கோளாறைச் சரிசெய்யவோ போடப்பட்டவை. புதிய தளத்தில் அந்தத் தேவையே இருக்காது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைப் பயன்படுத்தும் பணியாளர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத முடியாதவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மீதமுள்ளவற்றில் கவனிக்க வேண்டியது அவை தரவுத்தளத்தில் தமக்கென உருவாக்கிய அட்டவணைகளை. பழைய தரவைப் புதிய தளத்துக்கு நகர்த்தும் தரவு மாற்றக் கருவி அவற்றைக் கண்டதும், இவற்றுக்குப் புதிய தளத்தில் இணை இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அந்த அட்டவணைகளைப் புறக்கணிக்கும்படி, எது எங்கே போகும் என்று கருவிக்குச் சொல்லும் மேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் கருவி மேலே ஓடும் என்பதால், அவசரத்தில் எல்லாவற்றையும் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர்களின் வெகுமதிப் புள்ளிகள் அப்படி ஓர் அட்டவணையில்தான் இருந்தன என்பது கடை திறந்த பின்பு தெரியவரும். புறக்கணிக்கும் ஒவ்வொரு அட்டவணைக்கும் காரணம் எழுதி வையுங்கள்.

கேள்வி: தரவு நகரும் நேரம் முழுவதும் கடையை மூடி வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மேஜென்டோவின் தரவு மாற்றக் கருவி மூன்று கட்டங்களில் இயங்குகிறது. முதலாவதான ‘செட்டிங்ஸ்’ கட்டம் இணையதளங்கள், கடைகள், அமைப்பு விவரங்கள் ஆகியவற்றை நகர்த்தும். இரண்டாவதான ‘டேட்டா’ கட்டம் பொருள்கள், வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள் என்னும் பெருந்தொகுதியை நகர்த்தும்; கூடவே பழைய தரவுத்தளத்தில் ட்ரிகர்களையும் (தரவு மாறும்போது தானாக இயங்கும் கட்டளைகள்) ‘எம்2_சிஎல்’ என்ற முன்னொட்டுடைய சில அட்டவணைகளையும் உருவாக்கி, அதன் பிறகு அங்கே நிகழும் மாற்றங்களைக் குறித்து வைக்கத் தொடங்கும். மூன்றாவதான ‘டெல்டா’ கட்டம் அந்தக் குறிப்புகளைப் படித்து, புதிதாக வந்தவற்றை மட்டும் புதிய கடையில் சேர்க்கும். பெருந்தொகுதி நகரப் பல மணி நேரம் ஆனாலும் பழைய கடை விற்பனையைத் தொடரலாம். கடைசி டெல்டா ஓடி, இன்டெக்ஸ்கள் (தரவை விரைவாக எடுக்க முன்கூட்டியே தொகுத்த அட்டவணைகள்) புதுப்பிக்கப்பட்டு, சரிபார்ப்பு முடிந்து, போக்குவரத்தைப் புதிய சர்வருக்குத் திருப்பும் வரையில் மூடினால் போதும்.

டெல்டா எல்லாவற்றையும் கொண்டுவராது என்பதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். வாடிக்கையாளர்கள் கடைமுகப்பில் செய்பவை, அதாவது புதிய கணக்குகள், ஆர்டர்கள், மதிப்புரைகள் போன்றவையும், நிர்வாகப் பக்கத்தில் ஆர்டர்கள் மீது செய்யும் செயல்களுமே அதில் அடங்கும். புதிய பொருளைச் சேர்ப்பது, விலையைத் திருத்துவது, வகைப்பாட்டை மாற்றுவது ஆகியவை அடங்கா. ஆகவே ‘டேட்டா’ கட்டம் ஓடியதிலிருந்து கடை திறக்கும்வரை பொருள் விவரங்களை மாற்றாமல் முடக்கி வைக்க வேண்டும். மேலும், டெல்டா முடியும்வரை புதிய கடையில் கையால் ஆர்டரோ வாடிக்கையாளரோ உருவாக்கக் கூடாது. பழைய கடையிலிருந்து வரும் பதிவும் அதே அடையாள எண்ணில் வந்து மோதும். சோதனை ஆர்டர்களை இறுதித் தரவுத்தளத்தில் போடாமல் அதன் நகலில் போடுங்கள்.

படங்கள் இந்தக் கருவி வழியே வாரா. மீடியா கோப்புறையைத் தனியாக நகலெடுக்க வேண்டும். முன்கூட்டியே ஒருமுறை முழுவதையும் நகலெடுத்துவிட்டு, கடைசி நாளில் வித்தியாசத்தை மட்டும் ஒத்திசைப்பது நல்லது. நிர்வாகப் பயனர்களையும் அவர்களது அனுமதிகளையும் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். இதை ஒரு நன்மையாகவே நான் பார்க்கிறேன்: வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் அதோடு ஒழியும்.

கேள்வி: மேலே சொன்னபடி பொருள் விவரங்களை முடக்கி வைக்க எங்களால் இயலாது. விலைகள் நாள்தோறும் மாறுகின்றன.

பதில்: முடக்கம் நீடிக்க வேண்டியது, கடைசியாக ‘டேட்டா’ கட்டம் ஓடியதற்கும் கடை திறப்பதற்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே. தரவுத்தளத்தின் நகலைக் கொண்டு ஒத்திகைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் நடத்துங்கள். உண்மையான ஓட்டத்தைத் திறப்பு நாளுக்கு மிக அருகில் வையுங்கள். அந்தச் சில நாள்களுக்கும் விலை மாறியே தீரும் என்றால், விலையும் இருப்பும் எந்தக் கணக்கு மென்பொருளிலிருந்து வருகின்றனவோ அதிலிருந்து இரண்டு கடைகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். எப்படியிருந்தாலும் அந்த இணைப்பைப் புதிய தளத்தின் ஏபிஐக்கு (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) ஏற்ப எழுதியாக வேண்டும். அதை முன்னதாகவே எழுதி முடித்தால், திறப்பதற்கு முன்பே உண்மையான தரவைக் கொண்டு சோதித்ததாகவும் ஆகும்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் அனைவரும் புதிய கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்குமா?

பதில்: மேஜென்டோ 2-க்கு மாறினால் தேவையில்லை. பழைய தளத்தின் எம்டி5 ஹேஷைப் (கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் ஒருவழிக் குறியீடு) புதிய தளம் புரிந்துகொள்ளும். வாடிக்கையாளர் முதல்முறை உள்நுழையும்போது சரிபார்த்துவிட்டு, வலுவான ஹேஷாக மாற்றிச் சேமிக்கும். ஷாப்பிஃபை போன்ற வாடகைத் தளத்துக்குப் போவதானால் கடவுச்சொற்களைக் கொண்டுபோக முடியாது.

கேள்வி: இடமாற்றத்துக்குப் பிறகு தேடுபொறியில் எங்கள் பக்கங்கள் காணாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: பக்கங்களின் முகவரி மாறாமல் இருப்பதைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை. ஆகவே, புதிய தளத்தில் முகவரிகளை அழகுபடுத்தும் ஆசையைச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். நீண்ட காலம் ஓடிய மேஜென்டோ 1 கடைகளில், ஒரே பொருளுக்கு இறுதியில் எண் ஒட்டிய பல முகவரிகள் குவிந்து, முகவரி அட்டவணை பல லட்சம் வரிகளாக வீங்கியிருப்பதுண்டு. தரவு மாற்றக் கருவி அவற்றில் இரட்டிப்புகளைக் கண்டால் நின்றுவிடும். அவற்றைத் தானாகத் தீர்க்கும் ஒரு விருப்பம் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. ஆனால் அது மோதும் முகவரியின் முடிவில் பொருளற்ற ஓர் எழுத்துச் சரத்தை ஒட்டித்தான் மோதலைத் தீர்க்கிறது. நன்றாக விற்கும் பொருளின் முகவரிக்கே அந்த வால் முளைத்துவிடலாம். எனவே சர்வர் பதிவுகளிலிருந்தும் கூகுளின் சர்ச் கன்சோலிலிருந்தும் உண்மையில் வருகை உள்ள முகவரிகளை எடுத்து, அவற்றைக் கையால் சரிசெய்த பிறகே மிச்சத்தைக் கருவியிடம் விடுங்கள்.

மாறியே தீரும் முகவரிகளுக்கு 301 திருப்பம் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறியதாகச் சொல்லிப் புதிய முகவரிக்கு அனுப்புவது) அமையுங்கள். பழைய முகவரியிலிருந்து இறுதி முகவரிக்கு ஒரே தாவலில் போக வேண்டும். விற்பனை நின்றுபோன பொருள்களை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள், ஏனெனில் அப்படிப்பட்ட திருப்பங்களைக் கூகுள் பெரும்பாலும் ‘பக்கம் இல்லை’ என்றே கணக்கிடும். நெருங்கிய மாற்றுப் பொருள் இருந்தால் அதற்குத் திருப்பலாம். இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டது) என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கக் கூகுளே பரிந்துரைக்கிறது. நான் அவற்றை எடுக்கவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று: ஸ்டேஜிங் தளத்தை, அதாவது திறப்பதற்கு முன் சோதிக்கும் நகல் தளத்தை, தேடுபொறிகளிடமிருந்து மறைக்க, ‘பட்டியலிடாதே’ என்று அவற்றிடம் சொல்லும் ‘நோஇன்டெக்ஸ்’ குறியை நம்பாதீர்கள். அந்தக் குறி அமைப்புகளோடு சேர்ந்து லைவ் தளத்துக்கும் வந்துவிடலாம். சர்வர் மட்டத்தில் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதே சரி.

கேள்வி: சேமித்து வைத்த கார்டுகள், பழைய ஆர்டர்களுக்குப் பணம் திருப்பித் தருதல் ஆகியவை என்ன ஆகும்?

பதில்: முறையாக அமைக்கப்பட்ட கடையில் கார்டு எண் இருக்காது, கேட்வே (கார்டு கட்டணத்தைக் கையாளும் நிறுவனம்) அந்த எண்ணுக்குப் பதிலாகத் தந்த டோக்கன்தான் இருக்கும். அதே கேட்வேயில் அதே வணிகர் கணக்கைத் தொடர்ந்தால் டோக்கன்களைப் புதிய எக்ஸ்டென்ஷன் எதிர்பார்க்கும் வடிவில் மாற்றிச் சேர்க்கலாம். கேட்வே மாறினால், இரு நிறுவனங்களும் தமக்குள் பாதுகாப்பாக மாற்றிக்கொள்ளும்படி கோர வேண்டும். அந்தக் கோப்பை உங்கள் கைக்கு வரவழைக்காதீர்கள். பழைய ஆர்டர்களைப் பொறுத்தவரை, பரிவர்த்தனை எண் வந்து சேர்ந்திருந்தாலும் புதிய எக்ஸ்டென்ஷன் அதை அடையாளம் காணாமல் போகலாம். அப்போது கேட்வேயின் பக்கத்திலேயே பணத்தைத் திருப்பிவிட்டு, கடையில் குறிப்பாகப் பதிய வேண்டியிருக்கும். இதை வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இப்போதுள்ள சர்வரிலேயே புதிய கடையை ஓட்டலாமா?

பதில்: பழைய கடைக்குப் போதுமானதாக இருந்த சர்வர் பெரும்பாலும் போதாது. மேஜென்டோ 2.4 முதல் தேடலுக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்த முடியாது. எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச் என்னும் தனித் தேடல் மென்பொருள் கட்டாயம், அதற்கென நினைவகமும் தனியே வேண்டும். பக்கங்களைக் கேஷ் செய்ய (தயாராகச் சேமித்து வைக்க) வார்னிஷ் மென்பொருளும், வாடிக்கையாளர் அமர்வுகளைச் சேமிக்க ரெடிஸ் மென்பொருளும் வையுங்கள். இன்டெக்ஸ்களை உடனுக்குடன் புதுப்பிக்காமல் கால அட்டவணைப்படி புதுப்பிக்கும் முறையில் அமையுங்கள். இல்லாவிட்டால் மொத்தமாக விலை ஏற்றும்போது நிர்வாகப் பக்கம் திணறும். சுமைச் சோதனையைக் கூடை, பணம் செலுத்தும் பக்கம் ஆகியவற்றில் நடத்துங்கள். முகப்புப் பக்கம் கேஷிலிருந்து வருவதால் அதைச் சோதித்து மகிழ்வதில் பயனில்லை.

கேள்வி: திறந்த பின் பெரிய கோளாறு வந்தால் பழைய கடைக்கே திரும்ப முடியுமா? அதை எப்போது முழுவதுமாக நிறுத்தலாம்?

பதில்: புதிய கடையில் வந்த ஆர்டர்களைப் பழைய கடைக்குக் கொண்டுபோக எந்தக் கருவியும் இல்லை. ஆகவே திரும்பும் வாய்ப்பு ஆர்டர்கள் குவியத் தொடங்கும் வரைதான். கடையைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முன், பணியாளர்களின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்து உண்மையான கார்டில் சில ஆர்டர்கள் போட்டு, பணம், மின்னஞ்சல், கிடங்குக்குப் போகும் தகவல் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தக் கோளாறு வந்தால் திரும்புவது, அதை யார் முடிவு செய்வது என்பதை அதற்கு முந்தைய வாரமே எழுதி வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் விவாதிக்கத் தொடங்கினால் முடிவு வருவதற்குள் ஆர்டர்கள் வந்துவிடும். டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் அமைப்பு) வழியாகத் திருப்புவதாக இருந்தால், சில நாள்களுக்கு முன்பே டிடிஎல் (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) அளவை 300 விநாடிகளாகக் குறைத்துவிடுங்கள்.

பழைய கடையின் க்ரான் பணிகளை (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) திறப்பன்றே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அது வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பழைய தளத்தை இணையத்திலிருந்து துண்டித்து, உள்வலையில் படிப்பதற்கு மட்டும் வைத்திருங்கள். பொருள் திரும்பப் பெறும் காலமும் அந்த நிதியாண்டின் தணிக்கையும் முடிந்த பிறகு, தரவுத்தளத்தைக் குறியாக்கம் செய்து காப்பகப்படுத்திவிட்டுச் சர்வரை அணைத்துவிடலாம்.