கரும்புத் தோட்டப் பக்கம் இருக்கும் புல்வெளிக் கூகைக்கு மரம் நட்டால் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் உள்ள டோங்காட்டில் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் ஊர்ப் புல்வெளிக் கூகையைக் காப்பாற்ற மரம் நடலாமா, கூடு கட்டப் பெட்டி வைக்கலாமா?"

இரண்டும் உதவாது. வீட்டுக் கூரையில் தங்கும் சாதாரணக் கூகைக்கு இது நெருங்கிய சொந்தம்தான், ஆனால் மரத்தை நாடாது. ஆளுயரப் புல்லுக்குள் நடந்து நடந்து குகைபோல வழி செய்து, அதன் முடிவில் தரையிலேயே முட்டையிடும். நாம் பூசைக்கு எடுக்கும் தர்ப்பை இனத்துப் புல் அடர்ந்த ஈரநிலம் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். முக்கிய இரை எலிகள். அதனால் எலி விஷம் வைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள், செத்த எலி கூகையையும் கொல்லும்.

தென்னாப்பிரிக்காவில் இது அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, புல் நன்கு வளர்ந்திருக்கும்போது கூடு கட்டும். அந்த நேரத்தில் தீ வைப்பதும் மாடுகளை அளவுக்கு மீறி மேய்ப்பதும்தான் பெரிய கேடு. ஓடையோரம் ஒரு துண்டு புல்லையாவது எரிக்காமல் விட்டு, மற்றதை ஆண்டுக்கு ஒரு பகுதியாக மாற்றி எரிக்கலாம். நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாவதும் உண்டு.

ஆய்வு என்றால் முதலில் எண்ணிக்கைதான் வேண்டும். இரவில், அதுவும் புல்லுக்குள் வாழும் பறவையை எண்ணுவது லேசா? ஒலிப்பதிவுக் கருவிகள், செரிக்காததைக் கூகை கக்கிப் போட்ட உருண்டைகளில் உள்ள எலும்புகள் இரண்டும் கைகொடுக்கும். அடிபட்ட பறவையைப் பார்த்தால் இடத்தையும் தேதியையும் குறித்து, படம் எடுத்துப் பறவை ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள்.

அப்புறம், ஆந்தை அலறினால் சாவு என்பதை நம் பாட்டிமாரும் சொல்வார்கள், பக்கத்துச் சூலு இனத்தார் வீட்டிலும் சொல்வார்கள். இந்தக் கூகை அலறுவதே அபூர்வம், பறக்கும்போது தவளைபோல 'டிக் டிக்' என்றுதான் சத்தமிடும்.