சென்னையில் பழைய, சிறிய வீட்டை மின்சாரம் குறைவாகச் செலவாகும், சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

மொட்டை மாடியிலிருந்து. சோலார், புது ஏ.சி. எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மேல் மாடியில் இருக்கிறோம். துணி காயப்போடும் முன் அம்மா ஈரத்துணியால் கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துத் துடைப்பார். துணியில் மை இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு விழும். துறைமுகச் சாலையின் தூசி, லாரிப் புகை, நிலக்கரித் தூள் எல்லாம் கலந்த கறுப்பு அது. இதைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மின்சாரச் சிக்கனம் பணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை.

எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், அருகிலேயே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். 2024 மார்ச்சில் வடசென்னை நிலையத்தில் 800 மெகாவாட் அலகு ஒன்று கூடுதலாகத் தொடங்கி வைக்கப்பட்டது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். ஆக, 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு சிப்பம் (25 கிலோ மூட்டை) அரிசியின் எடை அளவு சாம்பல். கம்பியில் வருவது முழுவதும் நிலக்கரி மின்சாரம் அல்ல, காற்றாலையும் சூரிய ஒளியும் கலந்துதான் வருகிறது. ஆனால் சூரியன் மறைந்த பிறகு, ஊரே ஏ.சி. போட்டுத் தூங்கும் நேரத்தில், நிலக்கரியின் பங்குதான் பெரிது. அதனால்தான் இரவுச் செலவைக் குறைப்பதை முதல் வேலையாக வைத்துக்கொண்டோம்.

இரவில் வீடு சூடாக இருப்பதற்குக் காரணம் தளம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், சூட்டை இரவிலும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். கட்டிலின் மேல் நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல இருந்தால், எந்த ஏ.சி.யும் அந்தச் சூட்டோடு போராடித்தான் அறையைக் குளிரவைக்க வேண்டும். நம் முன்னோர் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்தது இதற்காகவும்தான். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பழைய வீடுகளில் அந்தத் தளம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பெயர்த்தெடுத்துவிட்டு வெறும் சிமெண்ட் பூசாதீர்கள். விரிசலை மட்டும் அடைத்துவிடுங்கள்.

எங்கள் தளத்தில் தட்டோடு இல்லை. வெள்ளையடிக்கலாம் என்று மேஸ்திரியை அழைத்தோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு ஐப்பசி மழைக்கு நிற்காது அம்மா, வருடா வருடம் அடிக்க வேண்டி வரும்” என்றார். அம்மா, “அடிக்கலாம் தம்பி, நீங்கள் பதத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள்” என்றார். முதல் ஆண்டு கிளிஞ்சல் சுண்ணாம்பை இரவு முழுக்க நீற வைத்து, பசை கலந்து இரண்டு கை அடித்தோம். அந்தக் கோடையில் பலன் நன்றாகவே தெரிந்தது. மேஸ்திரி சொன்னதுபோல மழையில் பாதி கரைந்தும் போனது. அடுத்த ஆண்டு கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். செலவு கூடுதல், ஆனால் சில ஆண்டுகள் தாங்கும். எதை அடித்தாலும் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். எங்கள் பக்கத்துத் தூசியில் வெள்ளைத் தளம் சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடும், சாம்பல் நிறத் தளம் மறுபடியும் வெயிலைக் குடிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது காற்று. கடல் பக்கத்தில் இருக்கிறோம் என்று காலை முதல் ஜன்னலைத் திறந்து வைப்பது தவறு. கோடையில் முற்பகலில் மேற்கிலிருந்து வீசுவது அனல். கடல்காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் உள்ளே வரும். அதுவரை மேற்கு ஜன்னலை அடைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். கிழக்கிலிருந்து திரை அசைந்ததும் இரு பக்கமும் திறந்துவிடுங்கள். ஒரு காசு செலவில்லாத வேலை இது.

பிறகு மின்விசிறி. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் உள்ளது முழு வேகத்தில் 30 வாட் ஒட்டித்தான் எடுக்கும். நான்கு ஃபேன், ஒவ்வொன்றும் நாளுக்கு 10 மணி நேரம், ரீடிங் எடுக்கும் 60 நாளுக்குக் கணக்குப் போட்டால் மிச்சம் 108 யூனிட். மேலே சொன்ன சிப்பம் அளவு சாம்பல் இதுதான். ஒரே நேரத்தில் நான்கையும் வாங்கத் தேவையில்லை, இரவு முழுக்க ஓடுவதை முதலில் மாற்றுங்கள். புது ஃபேனுக்குப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைப்புக் கொடுக்காதீர்கள், நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபேன்தான். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

இந்த 108 யூனிட்டுக்கு இன்னொரு பலனும் உண்டு. நம் கட்டண முறையில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைகிறது. கோடையில் 560 காட்டிக்கொண்டிருந்த எங்கள் மீட்டர், தளமும் ஃபேனும் மாறிய பிறகு 400 ஒட்டி நின்றது. ஏ.சி.யை நாங்கள் விட்டுவிடவில்லை. 26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனையும் ஓடவிடுகிறோம். படுத்து இரண்டு மணி நேரத்தில் அணைத்துவிட முடிகிறது. முன்பு விடியும் வரை ஓடும். கடலோரத்தில் ஏ.சி.யின் வெளிப் பெட்டியை உப்புக்காற்று அரிக்கும், மெக்கானிக்கிடம் சொல்லி நல்ல தண்ணீரில் கழுவி வைத்தால்தான் அது குறைந்த மின்சாரத்தில் ஓடும்.

சோலாரைப் பலரும் கேட்கிறார்கள். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் தடையாக இருப்பது பெரும்பாலும் பணம் அல்ல. பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், மாடி மூன்று பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். முதலில் அதைப் பேசி முடித்துவிடுங்கள். தாங்கிகளுக்குத் துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பு அல்லது அலுமினியம் கேளுங்கள், சாதாரண இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். தகடுகளை வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இருக்கிறாரா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குப்பையைப் பற்றி ஒன்று மட்டும். நாங்கள் கொட்டுவது கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது, அங்கே தீப்பிடித்தால் அந்தப் புகையைச் சுவாசிப்பதும் வடசென்னைக்காரர்கள்தான். காய்கறித் தோலை, துளையிட்ட மண்பானையில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றிப் போட்டு வைக்கிறோம். இரண்டு மூன்று மாதத்தில் எருவாகி மாடியில் இருக்கும் கீரைத் தொட்டிக்குப் போகிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம், பல வீடுகளில் அந்தத் தொட்டி மண் அடைத்துக் கிடக்கிறது. புரட்டாசியில் தூர்வாருங்கள். முதல் மழைத் தண்ணீரை மட்டும் உள்ளே விடாதீர்கள், தளத்துத் தூசியெல்லாம் அதில்தான் இறங்கும்.

தளத்து வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்த பிறகு காலை ஒன்பது மணிக்கே தளத்தில் வெறுங்காலை ஊன்ற முடியாது, அடிக்கும் பெயிண்டும் பரவுவதற்குள் காய்ந்து தோல்போல உரிந்து வரும்.