அமெரிக்கக் குணச்சித்திர நடிகர்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் யார்?

ஹாரி டீன் ஸ்டான்டன். பெயர் பிடிபடாவிட்டாலும் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். 2012-இல் வந்த முதல் ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் ஹல்க் வானத்திலிருந்து ஒரு பழைய கட்டடத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவார். மறுபடி மனிதனாகி, உடம்பில் துணியில்லாமல் கண் விழிக்கும்போது எதிரே ஒரு வயதான காவலாளி நிற்பார். அலறமாட்டார், ஓடமாட்டார். நீ வேற்றுக்கிரகவாசியா என்று நிதானமாக விசாரித்துவிட்டு, போட்டுக்கொள்ளத் துணி கொடுப்பார். அவ்வளவுதான் அவருக்கு வேலை. அத்தனை கோடி செலவில் எடுத்த படத்தில் அந்தக் கிழவர் மட்டும் நிஜமாகவே அந்தக் கட்டடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் போல இருப்பார். அப்போது அவருக்கு வயது 85.

1926-இல் கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வின் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா புகையிலை பயிரிட்டவர், முடிதிருத்தும் தொழிலும் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்டான்டன் கடற்படையில் சேர்ந்தார். ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த சண்டையின்போது அங்கே நின்ற ஒரு கப்பலில் அவர் சமையல்காரர். திரும்பி வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கப் போனவரை மேடை நாடகம் இழுத்துக்கொண்டது. அப்புறம் கலிபோர்னியா, பாசடினா பிளேஹவுஸில் நடிப்புப் பயிற்சி.

ஐம்பதுகளின் நடுவிலிருந்து தொலைக்காட்சிக் கௌபாய் தொடர்களில் வரிசையாக வாய்ப்பு வந்தது. ஒட்டிய கன்னம், நீண்ட முகம், தூக்கம் கெட்ட கண்கள். அந்த முகத்துக்கு வில்லனின் அடியாள் வேடத்தைத்தான் கொடுத்தார்கள். வருவார், முறைப்பார், சுடப்பட்டுச் சாவார். ஹாரி ஸ்டான்டன் என்று இன்னொரு நடிகர் ஏற்கெனவே இருந்ததால், திரையில் வெகுகாலம் ‘டீன் ஸ்டான்டன்’ என்றுதான் பெயர் போட்டார்கள். சொந்தப் பெயரைக்கூட முழுதாகப் போட முடியாத அந்த வருடங்களை அவர் வீணாக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திருப்பம் நடிகர் ஜாக் நிக்கல்சனிடமிருந்து வந்தது. இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். 1962-இல் நிக்கல்சனின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் இவர்தான். நிக்கல்சன் எழுதிய ஒரு வெஸ்டர்ன் படத்தில் இவருக்கு ஒற்றைக் கண் கொள்ளைக்காரன் வேடம். நீ எதையும் செய்யாதே, போட்டிருக்கும் உடையே நடித்துக்கொள்ளும் என்று நண்பர் சொன்னாராம். அதை ஸ்டான்டன் கடைசிவரை பிடித்துக்கொண்டார். அவர் நடித்த காட்சிகளில் முகத்தில் எதையும் ‘காட்டுவது’ கிடையாது. எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்பார். அவர் கேட்கும் விதத்திலிருந்தே அந்த ஆள் யார், எப்படி வாழ்ந்தவன் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்கலத்தின் மெக்கானிக் பிரெட் வேடம். சம்பளப் பங்கு குறைவு என்று புலம்பும் சாதாரணத் தொழிலாளி. காணாமல் போன பூனையைத் தேடி, சங்கிலிகள் தொங்கும் ஒரு பெரிய கூடத்துக்குள் தனியாகப் போவார். மேலிருந்து தண்ணீர் சொட்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். வேலை முடித்த களைப்பில் குழாயடியில் நிற்கும் ஆள் மாதிரி. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில் அவர் நமக்கு நெருக்கமாகிவிடுவார். அதனால்தான் அடுத்து அந்த வேற்றுக்கிரக உயிரினம் அவரைக் கொல்வது அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது.

சரி, ‘பாரிஸ், டெக்சஸ்’ படத்துக்கு வருகிறேன். 1984, விம் வெண்டர்ஸ் இயக்கம், சாம் ஷெப்பர்ட் எழுத்து. கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை வாங்கியது. முப்பது வருடம் ஓரத்தில் நின்றவர் 57 வயதில் நாயகன். சிவப்புத் தொப்பி, அழுக்குக் கோட்டு, கையில் தண்ணீர்க் குடுவையோடு பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கும் டிராவிஸ். படம் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாயகனாக்கிவிட்டு வாயைக் கட்டிப்போட்டால் வேறு யாராக இருந்தாலும் கண்ணாலாவது எதையாவது செய்துகாட்டத் துடித்திருப்பார்கள். இவர் சும்மா நடப்பார்.

அந்தப் படத்தின் உயிர் கடைசியில் ஹூஸ்டனில் வருகிறது. பிரிந்துபோன மனைவி ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கிறாள். அவர் அவளைப் பார்க்கலாம், அவளால் அவரைப் பார்க்க முடியாது. தொலைபேசியில்தான் பேச வேண்டும். இரண்டாம் முறை வரும்போது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த இரண்டு பேர் என்று ஆரம்பித்துத் தங்கள் கதையையே யாரோ ஒருவர் கதை போலச் சொல்வார். பொறாமை, குடி, அவளை அடைத்துவைத்த கொடுமை எல்லாம் வரும். குரல் ஏறாது, இறங்காது. அழுது மன்னிப்புக் கேட்கும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்று நினைக்கும் ஒருவனின் குரல் அது. நடுவில் ஒரு கட்டத்தில், மனைவியாக நடித்த நாஸ்டாசியா கின்ஸ்கியின் முகம் மாறும். அங்கே நான் ஒவ்வொரு முறையும் உடைந்துபோகிறேன். நான் பார்த்த நடிப்பிலேயே இதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அவரும் பழையபடி சின்ன வேடங்களுக்கே திரும்பினார். ‘பிரிட்டி இன் பிங்க்’ படத்தில் வேலையில்லாத அப்பா. இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் இயேசு படத்தில் பவுல். இயக்குநர் டேவிட் லிஞ்ச் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். லிஞ்சின் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’யில் ஒரு முதியவர் புல்வெட்டும் வண்டியிலேயே மாநிலம் தாண்டி, பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி உறவைத் தேடிப் போகிறார். முழுப் படமும் யாரைப் பார்க்கப் போகிறதோ அந்தச் சகோதரர் ஸ்டான்டன். கடைசிச் சில நிமிடங்களில்தான் வருவார். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து, இதிலா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்பார். பல வருடத்துப் பகை அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். ரோஜர் ஈபர்ட் என்ற புகழ்பெற்ற விமர்சகர், ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று ஒரு விதியே எழுதிவைத்தார்.

கடைசியாக ‘லக்கி’. தொண்ணூறு வயதில் மறுபடி நாயகன். இயக்கியவர் ஜான் கேரல் லிஞ்ச், அவரும் ஒரு குணச்சித்திர நடிகர்தான். கதாபாத்திரத்தின் கடற்படைச் சமையல் வேலையெல்லாம் ஸ்டான்டனின் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது. ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் யாரும் கேட்காமலேயே ஸ்பானிஷ் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடுவார். இசை அவருக்கு நடிப்புக்குச் சமமான காதல். 2017 செப்டம்பர் 15 அன்று, 91 வயதில் காலமானார். படம் திரையரங்குக்கு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ‘லக்கி’யில் தொடங்க வேண்டாம். முதலில் ‘ஏலியன்’, பிறகு ‘பாரிஸ், டெக்சஸ்’, அதன்பின் ‘லக்கி’. ஏலியனில் கேப்டனாக வந்த டாம் ஸ்கெரிட், ‘லக்கி’யில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போர் நினைவுகளைப் பேசுவார். 38 வருட இடைவெளியில் அந்த இரண்டு முகங்களையும் பார்க்க வேண்டும் என்றால் இந்த வரிசைதான் சரி.