முதல் கார் பழைய ஸ்போர்ட்ஸ் செடானாக இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஓட்டுநர் உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அப்பாவின் 1 லிட்டர் வேகன்-ஆர் காரை மட்டுமே ஓட்டியிருக்கிறேன். சொந்தமாக வாங்கும் முதல் கார் ஸ்போர்ட்ஸ் செடானாக இருக்க வேண்டும், அதில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. சேமிப்பில் 11 லட்சம் ரூபாய் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 320டி ஒன்று (82,000 கிலோமீட்டர், மூன்றாவது உரிமையாளர்) 11 லட்சத்துக்கும், 2016-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல் கார் ஒன்று (64,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர்) 8.5 லட்சத்துக்கும் வருகின்றன. அந்தப் பணத்துக்குப் புதிய சிறிய காரை வாங்கு என்கிறார் அப்பா. நான் எதை வாங்குவது?
— வாசகர், கோவை

பதில்: 320டி-யை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், ஆக்டேவியாவைப் பொறுமையாகப் பரிசோதித்துப் பாருங்கள். 320டி மோசமான கார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 184 குதிரைத்திறன் கொண்ட அந்த டீசல் எஞ்சினும், எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும், பின்சக்கர இயக்கமும் சேர்ந்து தரும் ஓட்ட சுகத்தை அனுபவித்தவன் நான். ஆனால் கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகவே கொடுத்துவிட்டு அந்தக் காரை வாங்கினால், முதல் பெரிய செலவு வரும் நாளில் அது உங்கள் வீட்டு வாசலில் நின்றுவிடும். புதிதாக வந்தபோது 30 லட்சத்துக்கு மேல் விலை போன கார் பத்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி வருகிறது. அதன் உதிரி பாகங்கள் அப்படி இறங்குவதில்லை. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் பிஎம்டபிள்யூ ஆலை தொடங்கியபோது அங்கு முதலில் உருவானது 3 சீரிஸ்தான் என்பதைச் சுட்டிக்காட்டி, ‘நம்ம ஊர் கார், பாகமெல்லாம் மலிவு’ என்று தரகர்கள் பேசுவதுண்டு. பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே இணைக்கப்படுவதால் அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

2014-ஆம் ஆண்டுக் காரில் இருப்பது என்47 எனப்படும் எஞ்சின். இதில் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் முன்புறம் இல்லாமல், கியர்பாக்ஸை ஒட்டிய பின்புறத்தில் அமைந்துள்ளது. ஆகவே செயினோ அதன் பிளாஸ்டிக் வழிகாட்டிகளோ தேய்ந்தால், எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. 2011-க்கு முந்தைய எஞ்சின்களில்தான் இந்தக் குறை அதிகம் வெளிப்பட்டது என்றாலும், மூன்று கை மாறிய காரில் ஆயில் எப்போதெல்லாம் மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அந்த ஆபத்தை நீங்கள் ஏற்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காகத் திருப்பூரில் இதே ரகக் கார் ஒன்றைப் பார்க்கச் சென்றேன். காலை 7 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது பானட் கையைச் சுட்டது. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி, மறுநாள் 6 மணிக்கே சொல்லாமல் போய் நின்றோம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய கணத்தில், எவர்சில்வர் தட்டில் சில்லறையைக் கொட்டிக் குலுக்கியது போன்ற சத்தம் இரண்டு வினாடி கேட்டு அடங்கியது. அந்த இரண்டு வினாடிச் சத்தத்தை மறைக்கத்தான் முந்தைய நாள் பானட் சூடாக இருந்தது. நீங்கள் எந்தக் காரைப் பார்த்தாலும் இரவு முழுவதும் நின்ற எஞ்சினை உங்கள் கையாலேயே கிளப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டின் மீது உள்ளங்கையை வையுங்கள்.

இனி ஆக்டேவியா. எஞ்சின் 180 குதிரைத்திறன் கொண்டது, இனிமையானது, பெரிதாகத் தொல்லை தராதது. உங்கள் முழுக் கவனமும் அதன் ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் மீது இருக்க வேண்டும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என இரண்டு கிளட்சுகள் அதில் உள்ளன. அவை எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகள். ஊர்ந்து செல்லும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வேலை செய்வதால் சூடேறுகிறது, அந்தச் சூட்டைத் தணிக்க எண்ணெய் இல்லை. ஆகவே அவிநாசி சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்யாதீர்கள். மாலை ஆறரை மணிக்குக் காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை நெரிசலிலேயே ஓட்டிச் சென்று திரும்புங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது கார் நடுங்குகிறதா, சரிவில் பின்னோக்கி எடுக்கும்போது உதறுகிறதா, கியர் காட்டும் எழுத்துகள் திரையில் மின்னுகின்றனவா என்று கவனியுங்கள். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பாகம் பழுதானால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

இன்னொன்றும் உண்டு, விற்பவர் பெரும்பாலும் இதைச் சொல்லமாட்டார். அந்தக் கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவதும் சரியாக அதே 250 தான். யாரேனும் ரீமேப் செய்து, அதாவது எஞ்சினின் மென்பொருளை மாற்றி, விசையைக் கூட்டியிருந்தால், கூடுதல் சுமை முழுவதும் கிளட்சின் தலையில்தான் விழுந்திருக்கும். விற்பதற்கு முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் பார்வைக்குத் தெரியாது. எனவே மாற்றப்பட்ட ஏர் ஃபில்டர் பெட்டி, கம்பெனிக்குரியதல்லாத சைலன்சர் ஆகியவை தென்பட்டால், அந்தக் கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஆக்டேவியாவிலேயே திறன் கூடிய ஆர்எஸ் ரகத்தில், கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கிய ஆறு வேகக் கியர்பாக்ஸ் உண்டு. ஆனால் 2017-இல் 500 கார்களே வந்தன, உங்கள் தொகைக்கு அது எட்டாது.

64,000 கிலோமீட்டர் என்பது உண்மையா என்று பார்ப்பது கடினமன்று. சேசிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் மையத்தில் வரலாற்றைக் கேளுங்கள். உரிமையாளரே உடன் வந்து கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். உடன் வர மறுக்கும் உரிமையாளரிடம் வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் காரணம் உங்களுக்கே புரியும். கார் சென்னையில் இருந்ததாகத் தெரிந்தால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நனைந்த கார்கள் பல ஊர்களுக்கும் போயிருக்கின்றன.

எல்லாம் சரியாக அமைந்தால் 8.5 லட்சத்திலிருந்து பேரம் பேசி வாங்குங்கள். மீதி 2.5 லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூடச் சக்கரத்துக்கோ ஒலிபெருக்கிக்கோ செலவிட வேண்டாம். வாங்கிய வாரமே எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஸ்பார்க் பிளக் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். காப்பீடும் கூடும்: 2022 ஜூனில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, 1,500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வரி நீங்கலாக ஆண்டுக்கு 7,897 ரூபாய், அப்பாவின் வேகன்-ஆருக்கு 2,094 ரூபாய்தான்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வாரன்டியுள்ள புதிய கார் தரும் நிம்மதியை எந்தப் பழைய காரும் தராது. காரைப் பற்றிய அவரது கவலையைவிட உங்களைப் பற்றிய கவலை பெரிதாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. இதுவரை நீங்கள் ஓட்டிய காரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் திறன் கொண்டது ஆக்டேவியா. வேகன்-ஆரில் மெதுவாக வந்து சேர்ந்த வளைவு, இதில் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும். முதல் இரண்டு மாதங்கள் பழகிய சாலைகளில் மட்டும் ஓட்டுங்கள். கார் சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி-யை எப்போதும் அணைக்காதீர்கள். அதன்பின் ஆழியாறிலிருந்து ஒரு விடியற்காலையில், அப்பாவையும் ஏற்றிக்கொண்டு மலையேறுங்கள்.

கேள்வி: டெல்லியில் பதிவான ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று இங்குள்ள விலையைவிட இரண்டு லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் எதிராகப் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளால்தான் அங்கு விலை இறங்கியது. ஆனால் அந்த இரண்டு லட்சம் முழுவதும் உங்களுக்கு மிஞ்சாது. டெல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும். அதற்குக் காரின் வயதுக்கேற்ப ஆயுள் வரியை மீண்டும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது அலைச்சல் மிகுந்த வேலை. கடனில் வாங்கிய கார் எனில், கடன் தீர்ந்ததற்கு வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் பேச்சையே தொடங்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கியதோடு இருந்துவிடாமல், 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். இழப்பீடு கோராததற்காக விற்பவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் சலுகை அவருக்கே உரியது, உங்களுக்கு வராது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் தடையில்லாச் சான்று பதிவாகியிருப்பதையும், கட்டப்படாத அபராதம் ஏதுமில்லை என்பதையும் நீங்களே பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.